காந்தனின் டூ ஸ்ட்ரோக்

"பெட்ரோல் இல்லையா? எப்படி இல்லாமப் போகும்?" என்று கேட்டார் நாகமுத்து.

"போன ஞாயித்துக்கிழமை ஓட்டினாரு. அதுலயே தீர்ந்திருக்கும்," என்றாள் அவருடைய தங்கை கோமளா. அவள் மடியில் மஞ்சள் துணி சுற்றிய மண்கலயம் ஒன்று இருந்தது. கலயத்துக்குள் அவள் கணவன் காந்தன் இருந்தான்.

மலாக்காவில், பெங்காலான் பாலாக் கடற்கரையில், ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் இருந்த கொட்டகையில்தான் காந்தனின் ஜெட்ஸ்கி கிடந்தது. கடலில் ஓட்டுகிற வண்டிதான், ஆனால் உட்கார்ந்து ஓட்டுகிற வகை அல்ல. இருக்கையே கிடையாது. ஆள் நின்றுகொண்டுதான் ஓட்ட வேண்டும். நீல வண்ணம் வெளுத்து, அங்கங்கே ஒட்டுப் போட்டு, பார்க்கவே பரிதாபமாக இருந்தது.

காந்தன் சிம்பாங் அம்பாட்டில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். திங்கட்கிழமை, எண்ணெய் ஆலை வாசலில் வரிசையில் நின்ற லாரிக்குள்ளேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டான். பிள்ளை இல்லை. கூடப் பிறந்தவர்களும் இல்லை. அதனால் கொள்ளி வைத்தது மச்சான் நாகமுத்துதான். இன்று அஸ்தியைக் கடலில் விடுவதும் அவர் தலையில்தான் விழுந்திருந்தது.

"ஒரு படகு பிடிச்சுக்கலாம் கோமளா. எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க," என்றார்.

"வேணாம்ணே. 'நான் செத்தா என் வண்டியிலதான் என்னைக் கடலுக்குக் கொண்டு போகணும்'னு சொல்லிக்கிட்டே இருப்பாரு."

"அது விளையாட்டுக்குச் சொன்னதும்மா."

"அவரு என்கிட்ட வேற எதையுமே கேட்டதில்லண்ணே."

நாகமுத்து சரியென்று தலையாட்டினார். சாவு விழுந்த நாளிலிருந்து கோமளா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள், தேநீர் கொடுத்தாள், பிணத்தின் தலைமாட்டில் மரம் மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஓவென்று அழுகிறவர்களைத் தேற்றத் தெரியும் நாகமுத்துவுக்கு. அழாத தங்கையைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. இந்த ஒரு காரியத்தை அவள் சொன்னபடி முடித்துவிட்டால் அவள் மனசு கொஞ்சம் இளகும் என்று நம்பினார்.

புக்கிட் பெருவாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் ஸ்டோரில் கிளார்க்காக இருப்பவர் அவர். எதையும் முறைப்படி செய்ய வேண்டும் என்பது அவர் கொள்கை. இஸ்திரி போட்ட வெள்ளை வேட்டி கசங்காமல் காரில் ஏறினார், ஒரு கேன் பெட்ரோல் வாங்கி வந்தார், வண்டியின் டேங்கில் முறைப்படி ஊற்றினார்.

சடங்கு செய்ய வந்திருந்த பண்டாரம் அங்கமுத்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, எல்லாம் ஊற்றி முடித்த பிறகு வாயைத் திறந்தார்.

"தம்பி, எண்ணெய் கலந்தீங்களா?"

"என்ன எண்ணெய்?"

"இது டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா?"

"ரெண்டும் வேற வேறயா?"

"வேறதான் லா! நான் எஸ்டேட்ல புல்லு வெட்டின ஆளு, எனக்குத் தெரியாதா? முதுகுல மாட்டிக்கிற மிஷின் டூ ஸ்ட்ரோக். பெட்ரோல்லயே எண்ணெயைக் கலந்து ஊத்தணும். ஃபோர் ஸ்ட்ரோக்னா நீங்க ஓட்டிட்டு வந்த காடி மாதிரி. பெட்ரோல் ஒரு பக்கம், எண்ணெய் ஒரு பக்கம். கலக்க வேண்டியதைக் கலக்காம ஓட்டினீங்க, மிஷின் செத்துடும்."

செத்துடும் என்று சொன்ன பிறகுதான் கோமளா பக்கத்தில் இருப்பது பண்டாரத்துக்கு ஞாபகம் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நாகமுத்து கைத்தொலைபேசியை எடுத்தார். எந்த விஷயமானாலும் அதில் கொஞ்ச நேரம் படித்துவிட்டால் போதும், ஆயுசு பூராவும் அதிலேயே ஊறியவர் மாதிரி பேச அவரால் முடியும்.

"டூ ஸ்ட்ரோக்னா எஞ்சினுக்குள்ள பிஸ்டன் மேல ஒரு தடவை, கீழ ஒரு தடவை, அவ்வளவுதான். உடனே வெடி. கனம் கம்மி, வேகம் ஜாஸ்தி, சத்தம் ஜாஸ்தி, புகை ஜாஸ்தி. ஃபோர் ஸ்ட்ரோக்னா மேல கீழ, மேல கீழன்னு நிதானமா ரெண்டு தடவை போய் வந்துதான் ஒரு வெடி. கனம். ஆனா சத்தம் கம்மி, புகை இல்ல, பெட்ரோலும் மிச்சம்." நிமிர்ந்து பார்த்தார். "அப்போ டூ ஸ்ட்ரோக் நம்ம காந்தன் மாதிரி. ஃபோர் ஸ்ட்ரோக் என்னை மாதிரி."

கோமளாவைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோமளா, உனக்குத் தெரியுமா இது எதுன்னு?"

"நீலக் கலரு," என்றாள்.

ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் எண்ணெய் அளவு பார்க்கிற கம்பி ஒன்று உள்ளே இருக்கும் என்று தொலைபேசி சொன்னது. நாகமுத்து ரப்பர் வாரைக் கழற்றி மூடியைத் தூக்கினார். கம்பி போல எதுவும் கண்ணில் படவில்லை. கறுப்பாகத் தடிமனாக ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. பிடித்து இழுத்தார். டப்பென்று கையோடு வந்துவிட்டது.

"அய்யய்யோ, அது பிளக் வயரு!" என்று பண்டாரம் ஓடி வந்தார். இருவரும் சேர்ந்து அதைத் திருப்பிச் சொருகுவதற்குள் வேட்டியில் கறுப்பாக ஐந்து விரலும் பதிந்துவிட்டது. ஐந்தும் நாகமுத்துவின் சொந்த விரல்கள் என்பதால் யாரையும் திட்ட வழியில்லை.

"டூ ஸ்ட்ரோக்தாண்ணே," என்றாள் கோமளா திடீரென்று.

"எப்படிச் சொல்ற?"

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்தாருன்னா சட்டையெல்லாம் புல்லு மிஷின் வாசம் அடிக்கும். ரெண்டு தடவை துவைச்சாலும் போகாது." கொஞ்சம் நிறுத்தினாள். "போன வாரத்துச் சட்டையை நான் துவைக்கவே இல்ல. கோவத்துல அப்படியே கூடைக்குள்ள போட்டுட்டேன். அந்த வாசம் இன்னும் இருக்கு."

நாகமுத்து கறைபட்ட கையை வேட்டியிலேயே துடைத்துக்கொண்டார். இஸ்திரி, வேட்டி எல்லாம் மறந்துபோயிற்று.

ஆனால் காரியம் நின்றுகொண்டிருந்தது. டேங்க் நிறைய வெறும் பெட்ரோல். கலக்க எண்ணெய் வேண்டும் என்றால் திரும்பப் பட்டணம் வரைக்கும் போக வேண்டும். ராகு காலம் வந்துகொண்டிருப்பதாகப் பண்டாரம் வானத்தைப் பார்த்தார். பிறகு தன் பையைப் பார்த்தார். பையில் விளக்குக்கென்று கொண்டுவந்த நல்லெண்ணெய் போத்தல் இருந்தது.

"எண்ணெய்னா எண்ணெய்தானே?" என்றார் பண்டாரம்.

"இது எள்ளு எண்ணெய்ங்க."

"வழவழன்னுதானே இருக்கு? ஒரு நடைக்குத் தாங்காதா?"

வேறு நாளாக இருந்தால் நாகமுத்து இதற்கு ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். அன்றைக்கு அவர் அரை போத்தல் ஊற்றினார். போதாதோ என்று பயந்து மீதியையும் ஊற்றினார். கலப்பதென்று ஆன பிறகு முறைப்படி கலக்க வேண்டுமல்லவா?

இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்த் தண்ணீரில் இறக்கினார்கள். நாகமுத்து பொத்தானை அழுத்தினார். வண்டி இருமியது. மறுபடி அழுத்தினார். உறுமியது. பின்பக்கத்திலிருந்து வெள்ளைப் புகை பந்து பந்தாகக் கிளம்பிக் கடற்கரையை மூடியது. கூடவே, கல்லில் போட்ட தோசையைத் திருப்பும்போது வருகிற வாசம். சாப்பாட்டுக் கடையில் நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு மூக்கை உறிஞ்சினார்கள். கடைக்கார மலாய் அம்மா, மக்சிக், கரண்டியோடு வெளியே வந்து, "சியாப்பா மாசாக்?" என்று கேட்டாள். யார் சமைக்கிறார்கள் என்று அவளுக்கு என்ன பதில் சொல்வது?

அடுத்தது உயிர்காப்புச் சட்டை. கொட்டகையில் ஆணியில் ஒன்றுதான் தொங்கியது. கத்தரிப்பூ நிறம். விலைச் சீட்டுகூடக் கிழிக்காமல் இருந்தது. நாகமுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு அதற்குள் நுழைந்தார். பண்டாரம் முட்டியை அவர் முதுகில் வைத்து வாரை இழுத்துப் பூட்டினார்.

"உன் புருஷன் என்னைவிட ரெண்டு சுத்துப் பெரியவனாச்சே. இந்தச் சட்டைய அவன் எப்படிப் போட்டான்?" என்று நாகமுத்து மூச்சுத் திணறக் கேட்டார்.

"அவரு வாங்குறது எது அளவா இருந்திருக்கு?" என்றாள் கோமளா.

கலயத்தை வண்டியின் மூக்குப் பக்கத்துக் கொக்கியில் துண்டால் இறுக்கிக் கட்டினார்கள். பண்டாரம் சடங்கை விளக்கினார்: நெஞ்சளவு ஆழத்தைத் தாண்டிப் போக வேண்டும், முடிச்சை அவிழ்க்க வேண்டும், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கலயத்தைத் தோளுக்குப் பின்னால் விட வேண்டும், அதோடு கரைக்கு வந்துவிட வேண்டும்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க தம்பி. விட்ட பிறகு என்ன ஆனாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தா, போற உசுரு போகாம நின்னுடும்."

கோமளா முட்டியளவுத் தண்ணீரில் நின்றுகொண்டாள். அதற்கு மேல் அவள் எப்போதும் இறங்குவதில்லை. நீச்சல் தெரியாது.

நாகமுத்து தொலைபேசியில் படித்து வைத்திருந்தபடி வண்டியின் மேல் குப்புறப் படுத்தார், கைப்பிடியைப் பிடித்தார், முடுக்கினார். வண்டி நகர்ந்தது. முட்டி போட்டார். தூரத்திலிருந்து பார்க்க அவர் யாரிடமோ மன்னிப்புக் கேட்பது போல இருந்தது. கொஞ்சம் தைரியம் வந்து ஒரு காலை ஊன்றி எழுந்தார். ஒரே ஒரு கணம், வெள்ளை வேட்டியும் கத்தரிப்பூச் சட்டையுமாக, மலாக்கா நீரிணையின் மேல் நிமிர்ந்து நின்றார். அடுத்த கணம் அவர் இருந்த இடத்தில் தண்ணீர் மட்டும் இருந்தது.

தலையைத் தூக்கியபோது வண்டியைக் காணவில்லை. சத்தம் மட்டும் எங்கோ கேட்டது. போய்விட்டது, கலயத்தோடு போய்விட்டது என்று நினைத்தார். ஒரு விதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது. காந்தன் தன் வண்டியிலேயே போய்விட்டான், இதைவிட வேறென்ன வேண்டும்? கால் தரையில் பட்டதும், பண்டாரம் சொன்னபடி திரும்பிப் பார்க்காமல் கரையை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.

"அண்ணே! பின்னால!" என்று கத்தினாள் கோமளா.

"பார்க்காதீங்க தம்பி!" என்று கத்தினார் பண்டாரம்.

"அண்ணே, பின்னால வர்றாரு!"

"யாரு?"

"அவருதான்!"

நாகமுத்துவுக்கு முதுகு சில்லிட்டது. நடையை வேகமாக்கினார். பட், பட், பட் என்று சத்தமும் கூடவே வந்தது. தோசை வாசமும் வந்தது. ஆளில்லாத வண்டி ஒரு வட்டம் அடித்துவிட்டு, மெதுவாக, மூக்கில் மஞ்சள் துணியோடு அவர் பின்னாலேயே வந்து இடுப்பில் இடித்து நின்றது.

"கலயம் திரும்பி வரக் கூடாதே! என் அனுபவத்துல இப்படி நடந்ததே இல்ல," என்று பண்டாரம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எஞ்சினை அணைத்துவிட்டு நாகமுத்து, கரையில் வைத்துவிட்டுப் போன தொலைபேசியை மறுபடி நாடினார். விஷயம் இதுதான். இப்போது வருகிற ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளில் ஒரு கயிறு உண்டு. ஓட்டுகிறவர் அதை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொள்ளும், எஞ்சின் நின்றுவிடும். பழைய டூ ஸ்ட்ரோக்கில் அந்தக் கயிறு கிடையாது. ஆள் விழுந்தாலும் எஞ்சின் ஓடும். மெதுவாக வட்டமடித்துக்கொண்டே இருக்கும்.

"எந்தப் பாவி இவனுக்கு இந்தக் குப்பையை வித்தான்?" என்றார் நாகமுத்து.

வண்டியின் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. அதில் ஆ செங் என்ற பெயரும் எண்ணும் இருந்தன. நாகமுத்து அழைத்துப் பேசினார். பேசினார் என்பதைவிட, கரையில் உள்ளவர்கள் எல்லாம் கேட்கும்படி ஏசினார். மறுமுனையில் இருந்தவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "காந்தண்ணே செத்துட்டாரா?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "நான் வரேன்," என்று வைத்துவிட்டார்.

"யாருண்ணே? சிம்பாங் அம்பாட் ஒர்க்‌ஷாப் சீனரா? எஸ்டேட் பக்கம் வளர்ந்தவரு, தமிழ் நல்லா பேசுவாரு," என்றாள் கோமளா. மணலில் உட்கார்ந்தாள். கலயம் மறுபடி அவள் மடிக்கு வந்துவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தாள்.

"நானும் கூடத்தாண்ணே போனேன் வாங்குறதுக்கு. அங்க புதுசு ஒண்ணு இருந்துச்சு. வெள்ளைக் கலரு. ஸ்டார்ட் பண்ணிக் காட்டினாரு, தூங்குற பிள்ளை மாதிரி சத்தமே இல்ல. இதை எடுங்கன்னு சொன்னேன். மாசா மாசம் கட்டிக்கலாம்னு அந்தச் சீனரும் சொன்னாரு. இவரு கேக்கல. ரெண்டு பேரும் உள்ள போயி என்னமோ குசுகுசுன்னு பேசினாங்க. வெளிய வந்து, 'கோமளா, இந்தப் பழசுதான் நமக்குச் சரி'ன்னுட்டாரு. ஏன்னு கேட்டா சிரிக்கிறாரு."

"அவன் எப்பவும் அப்படித்தான்."

"இந்தப் பைத்தியம் பிடிக்க நானேதாண்ணே காரணம். ஒரு நாளு இங்க வந்து ஐஸ் கச்சாங் சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம். ஒரு பொண்ணு தண்ணி மேல நின்னுக்கிட்டே போனா. நான்தான் 'பாருங்க பாருங்க, எவ்வளவு அழகா போறா'ன்னு காட்டினேன். அவரும் பார்த்தாரு. ஐஸ் எல்லாம் கரைஞ்சு போச்சு. அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை ஆனா வீட்டுல ஆளைப் பார்க்க முடியாது. விடியறதுக்குள்ள கிளம்பிடுவாரு. சாயங்காலம் உடம்பு பூரா ரத்தக்கட்டோட வருவாரு. எனக்குன்னு ஒரு நாளு இருந்துச்சு, அதையும் இந்த வண்டிக்குக் கொடுத்துட்டாரு."

நாகமுத்து ஈர வேட்டியைப் பிழிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"போன ஞாயிறு சண்டை. 'அந்த வண்டிதானே உங்களுக்குப் பொண்டாட்டி, அங்கயே போய் இருங்க'ன்னுட்டேன். ராத்திரி பேசல. திங்கட்கிழமை காலையில 'வரேன் கோமளா'ன்னாரு. நான் அடுப்பைப் பார்த்துக்கிட்டே நின்னேன். திரும்பல." அவள் குரல் உடையவில்லை. அதுதான் கேட்கச் சகிக்கவில்லை. "அதனாலதாண்ணே சொல்றேன். அவருக்குப் பிடிச்ச வண்டியில அவரை அனுப்பிடுங்க. என்னாலதான் சந்தோசமா அனுப்ப முடியல. அதுவாவது அனுப்பட்டும்."

நாகமுத்து எழுந்தார். இந்தக் கலயத்தை இன்றைக்குக் கடல் சேர்க்காமல் வீடு திரும்புவதில்லை என்று முடிவு செய்துகொண்டார். கயிறு இல்லையா? கயிறு நாமே கட்டிக்கொள்வோம். கலயத்தை மறுபடி வண்டியின் கொக்கியில் கட்டி, அந்தத் துண்டின் ஒரு முனையைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டார். விழுந்தால் முடிச்சு அவிழும், கலயம் தண்ணீரில் விழும், வண்டி எங்கே வேண்டுமானாலும் சுற்றட்டும். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

இந்தத் தடவை கொஞ்சம் கூடுதல் தூரம் போய் விழுந்தார். முடிச்சு அவிழவில்லை. ஈரத்தில் ஊறி இறுகிவிட்டது. எனவே வண்டி வட்டமடித்தபோது நாகமுத்துவும் கூடவே வட்டமடித்தார். முதல் வட்டத்தில் "ஐயோ" என்றார். இரண்டாவது வட்டத்தில் வேட்டி அவரை விட்டுப் பிரிந்து தனியே மிதந்து போயிற்று. மூன்றாவது வட்டத்தில் மக்சிக் கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். உள்ளே தொழிற்சாலை விளையாட்டுப் போட்டிக்குக் கொடுத்த சிவப்பு அரைக்கால் சட்டை இருந்ததால் மானம் தப்பியது.

"ஏந்திரு மச்சான்னு காந்தன் கையைப் பிடிச்சு இழுக்கிற மாதிரியே இருக்கு," என்றார் பண்டாரம், பயந்துபோய்.

ஒருவழியாக மணிக்கட்டு முடிச்சை நாகமுத்து பல்லால் கடித்து அவிழ்த்தார். விடுதலையான வண்டி அவரைத் தாண்டிப் போயிற்று. பெரிதாக ஒரு வட்டம் அடித்தது. அலை ஒன்று பின்னால் வந்து அதைக் கரைப் பக்கம் தள்ளியது. மறுபடி வட்டம், மறுபடி அலை. ஒவ்வொரு வட்டத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக, முட்டியளவுத் தண்ணீரில் நின்ற கோமளாவை நோக்கி வந்தது.

"தள்ளிப் போம்மா!" என்று கத்தினார் பண்டாரம்.

கோமளா தள்ளிப் போகவில்லை. வண்டி அவள் முன்னால் வந்து, மூக்கால் அவள் முட்டியைத் தொட்டது. கடைசியாக ஒரு தடவை நல்லெண்ணெய்ப் புகையை இருமிவிட்டு நின்றுபோயிற்று. அதற்கப்புறம் நாகமுத்து எத்தனை தடவை பொத்தானை அழுத்தியும் அது வாயே திறக்கவில்லை. பெட்ரோலில் கலந்த தோசை எண்ணெய் அதன் கதையை முடித்துவிட்டிருந்தது.

நாகமுத்து அரைக்கால் சட்டையோடு, இறுக்கும் கத்தரிப்பூச் சட்டைக்குள் மூச்சு வாங்கியபடி, தங்கை முகத்தைப் பார்க்கக் கூசி நின்றார். ஒரே ஒரு காரியம் கேட்டாள். அதைக்கூடச் செய்ய முடியவில்லை.

"தம்பி," என்றார் பண்டாரம் மெல்ல. "மூணாவது தடவையும் முயற்சி பண்ண வேணாம். அவரே இந்த அம்மாகிட்ட வந்துட்டாரு. அவங்களே விடட்டும்."

"பொம்பளைங்க விடலாமா?"

"நான் வேணாம்னா மட்டும் கேக்கிற ஆளா அவரு?"

கோமளா ஒரு கையால் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். மறுபக்கம் நாகமுத்து பிடித்துக்கொண்டார். முட்டியைத் தாண்டி, தொடையைத் தாண்டி, முதல் தடவையாக இடுப்பளவுத் தண்ணீருக்குப் போனாள். கால் தடுமாறியபோதெல்லாம் வண்டியைத்தான் இறுக்கிப் பிடித்தாள். அது மிதந்துகொண்டு அவளைத் தாங்கியது. அங்கே நின்று நகத்தால் நோண்டி முடிச்சை அவிழ்த்தாள். கலயத்தை எடுத்தாள். கடலுக்கு முதுகைக் காட்டினாள்.

"போங்க," என்றாள். "நான் ஒண்ணும் கோவமா இல்ல. போங்க."

தோளுக்குப் பின்னால் கையை விட்டாள். சத்தமே இல்லாமல் கலயம் தண்ணீருக்குள் போயிற்று. அவள் திரும்பிப் பார்க்காமல் கரைக்கு நடந்தாள். அண்ணன் வண்டியை இழுத்துக்கொண்டு பின்னால் வந்தார். அப்போதும் அவள் அழவில்லை.

மணலில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றிருந்தது. ஆ செங் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கடலைப் பார்த்துக் கும்பிட்டபடி நின்றார். நாற்பது வயதிருக்கும். வந்த வேகத்தில் செருப்பை மாற்றிப் போட்டிருந்தார்.

அவரைக் கண்டதும் நாகமுத்துவுக்கு, காலையிலிருந்து யார்மேல் காட்டுவதென்று தெரியாமல் வைத்திருந்த கோபம் எல்லாம் பொங்கி வந்தது.

"வாங்க தவுக்கே, வாங்க முதலாளி! என் மச்சான் விவரம் தெரியாதவன்னா இப்படியா ஏமாத்துவீங்க? கயிறு இல்லாத வண்டி! ஆளு விழுந்தா நிக்கத் தெரியாத வண்டி! கருமாதிக்கு வந்த என்னைக் கடல்ல கரைச்சிருக்கும்!"

ஆ செங் ஒரு எட்டு முன்னால் வந்தார். அவர் கண் நாகமுத்துவின் மேலிருந்த கத்தரிப்பூச் சட்டையில் நின்றது. வாரில் தொங்கிய, நனைந்துபோன விலைச் சீட்டைப் பார்த்தார். அவர் முகம் என்னவோ போல ஆயிற்று.

"அண்ணே, அந்தச் சட்டை... அது காந்தண்ணேவோடது இல்லையே," என்றார்.

"அவனுக்கு ஒரு கைகூட நுழையாதுன்னு எனக்கே தெரியும். பேச்சை மாத்தாதீங்க."

"இருங்கண்ணே," என்றாள் கோமளா. கடலுக்கு முதுகைக் காட்டியே நின்றுகொண்டு ஆ செங்கைப் பார்த்தாள். அவள் சேலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "அவரு என்கிட்டதான் ஒண்ணும் சொல்லல. உங்ககிட்ட சொல்லியிருப்பாரு. என்கிட்ட இருந்து தள்ளிப் போறதுக்குத்தானே இதை வாங்கினாரு? அப்புறம் இது ஏன் சுத்திச் சுத்தி என்கிட்டயே வருது?"

ஆ செங் தலைக்கவசத்தைக் கீழே வைத்தார்.

"அண்ணி, புதுசுல கயிறு இருக்கு, ஆளு விழுந்தா எஞ்சின் நின்னுடும், அதையே எடுங்கன்னு நானும் எவ்வளவோ சொன்னேன். அண்ணேதான் கேக்கல. 'நான் முதல்ல கத்துக்கிட்டு அப்புறம் அவளை ஏத்தி விடப் போறேன் செங், என் கோமளாவுக்கு நீச்சல் தெரியாது, அவ விழுந்தா வண்டி அவகிட்டயே திரும்பி வரணும்'னாரு."